அப்படியேதான் இருக்கான்

"எப்படிக்கா இருக்கீக?" என்று யார் கேட்டாலும் அந்த அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அப்படியேதான் இருக்கேன்." டீக்கடைக்காரருக்கும் அதே பதில், தாலுகா ஆபீஸில் விசாரித்தவர்களுக்கும் அதே பதில். முதல் தடவை கேட்டபோது ஏதோ அலுப்பில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது. அதற்குள் நான் அவருக்குச் செய்யக் கூடாததைச் செய்து முடித்திருந்தேன்.

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகிற ரோட்டில், ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால், வாடகை வீட்டில் ஒரு பகல்நேர மையம் நடத்திக்கொண்டிருந்தார். மூளைவாதம் வந்து கை கால் இறுகிப்போன பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். காலையில் வேன் ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வரும், சாயங்காலம் கொண்டுபோய் விடும். இடையில் நாள் முழுக்க நடப்பது ஒரே வேலைதான். காலில் எண்ணெய் தடவி, மெதுவாக இழுத்து, இருபது எண்ணும்வரை பிடித்திருந்து, விட வேண்டும். பிறகு மறு கால். பிறகு கை. பக்கத்து ஊர்ப் பெண்கள் நான்கு பேர் இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு வந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் உதவியாளராக இருந்து வேலையை விட்டுவந்த அக்கா ஐந்தாவது ஆள்.

நான் ஒரு ஃபவுண்டேஷனின் ஃபீல்டு ஆபீஸர். எங்கள் ஃபவுண்டேஷனுக்குப் பணம் போடுவது இந்தப் பக்கத்துப் பெரிய வீட்டுக் குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் உயிரோடு இருந்தவரை, மாதம் பிறந்தால் மையத்தின் வாசலில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வந்து இறங்குமாம். நாலு பெண்களின் சம்பளம் ஒரு பழுப்புக் கவரில் வருமாம். என்ன ஆயிற்று, யார் சாப்பிட்டார்கள் என்று ஒரு கேள்வி கிடையாதாம். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ் போட்டார்கள். கொடுப்பதற்கென்றே படித்தவர்களை வேலைக்கு வைத்தார்கள். பணம் கூடியது, அதை மறைக்கக் கூடாது. பழுப்புக் கவரில் வந்ததைப் போல மூன்று மடங்கு வந்தது. கூடவே நானும் என்னுடைய டேப்லெட்டும் வந்தோம்.

முதல் நாள் நான் போனபோது செல்வம் என்கிற பையன் பாயில் படுத்திருந்தான். பதினாலு வயது. பேச்சு வராது. மில்லில் சங்கு ஊதும்போதெல்லாம் வாய் நிறையச் சிரிப்பான். அக்கா அவன் முழங்காலைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். இருபது ஆகும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. அங்குட்டு ஒக்காருங்க, எண்ணெய் சிந்தியிருக்கு."

நான் டேப்லெட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, முன்னேற்றம் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். முன்னேற்றத்துக்கு மூன்று கட்டம். கொஞ்சம், நன்று, மிக நன்று.

"செல்வத்துக்கு எப்படிக்கா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கான்."

"கொஞ்சம்னு போடட்டுமா?"

"நீங்க கேட்டீக, நான் சொன்னேன். அப்படியேதான் இருக்கான்." எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, அப்படியேங்கிறதுக்கு எங்குட்டு அமுக்கணும்?"

அதற்கு ஒரு கட்டம் இல்லை என்றேன். அக்கா சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. அளவு தெரியாமல் சின்னச் சட்டை வாங்கிவந்தவனைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகு என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார். வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வெள்ளை நாடா தொங்கியது. பாவாடைக்குக் கோக்கிற சாதாரண நாடாதான். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரும் பேனாவால் ஒரு கோடும் இருந்தன. பிள்ளையைப் படுக்க வைத்து இரண்டு காலையும் விரித்தால், ஒரு முழங்காலுக்கும் மறு முழங்காலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அந்த அளவு. மாதம் ஒரு தடவை அளப்பார். செல்வத்தின் நாடாவில் கோடு நாலு வருஷமாக ஒரே இடத்தில் இருந்தது. அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு, மை தடித்துப் போயிருந்தது.

"எலும்பு வளருது தம்பி. சதை கூட வளர மாட்டேங்குது. அதனால நாளுக்கு நாள் உள்ள இழுக்கும். நாங்க வெளிய இழுக்குறோம். இந்தக் கோடு நகராம இருக்கணும், இம்புட்டுத்தான் நம்ம வேலை. இடைவெளி போச்சுன்னா அவனை உக்கார வைக்க முடியாது. அவங்க அம்மா அவனைக் கழுவிவிடக் கூட முடியாது. அவனுக்கும் வலி உயிர் போகும்."

நான் தலையாட்டினேன். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இருபத்தெட்டுப் பேருக்கும் 'கொஞ்சம்' என்று அமுக்கினேன். என் முதல் பொய் அதுதான். வேறு வழி இல்லாத பொய் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எந்நேரமும் நல்லெண்ணெய் வாசம். கடிகாரத்தை முழங்கைக்குக் கீழே ஏற்றிக் கட்டியிருப்பார், எண்ணெய் படாமல் இருக்க. மதியம் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பார். யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் கூட்டிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு பெண் வேலைக்குப் புதிதாக வந்து, "இந்தப் புள்ள இன்னைக்கு என்னப் பாத்து அக்கான்னு கூப்பிட்டுச்சு" என்று ஆசையாகச் சொன்னால், "அது எல்லாச் சத்தத்துக்கும் அப்படித்தான் வாயத் தெறக்கும், நீ காலப் புடி" என்பார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிடும். எனக்கே சில நேரம் கோபம் வரும். ஒரு சின்னச் சந்தோஷத்தைக் கூட விட்டுவைக்க மாட்டாரா இந்த மனுஷி என்று இருக்கும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருந்த ஒருவர், பூ சரியாக விழாத கற்களை ஒரு தடவை வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். தரையில் பதித்தால் எண்ணெய்க்கு வழுக்கும் என்று அக்கா அவற்றைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் பதிக்க வைத்தார். ஒருக்களித்துப் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கண் போகிற இடம் அதுதான். பட்டறைக்காரர் வந்து பார்த்தார், "நல்லாருக்கே" என்றார், போய்விட்டார். போட்டோ எடுக்கவில்லை. நான் பார்த்த நன்கொடைகளில் ரிப்போர்ட் எழுத வேண்டியிராத நன்கொடை அது ஒன்றுதான்.

எங்கள் ஃபவுண்டேஷன் கொடுத்தவை வேறு மாதிரி. ஒரு வருஷம் எல்லாப் பெரிய இடத்துக்காரர்களும் கழிப்பறைக்குக் கொடுத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். மறு வருஷம் ஸ்மார்ட் போர்டு. நிமிர்ந்து உட்காரவே முடியாத பிள்ளைகளுக்குச் சுவரளவு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியது. அக்கா அதன் மேல் துண்டுகளைக் காயப்போட்டார். அதற்கு அடுத்த வருஷம் தொழிற்பயிற்சி. "செல்வத்துக்கு என்ன தொழில் எழுதப் போறீக?" என்று என்னைக் கேட்டார். நான் மெழுகுவத்தி என்று எழுதினேன். இவற்றுக்கெல்லாம் நடுவில், நாலு பெண்களின் சம்பளத்தை 'திறன் மேம்பாடு', 'சமூக ஈடுபாடு' என்று வருஷத்துக்கு ஒரு தலைப்பில் நான் ஒளித்து ஒளித்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்குக் கொடுக்க எந்தப் பணக்காரருக்கும் பிடிப்பதில்லை. சம்பளத்தில் பெயர் எழுத இடம் இல்லை.

இரண்டாவது வருஷ முடிவில் மும்பையிலிருந்து ஃபவுண்டேஷனின் ஆலோசகர் ஒருவர் வந்தார். சின்ன வயதுப் பெண். நல்ல பெண் என்றுதான் சொல்ல வேண்டும். செல்வத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், எச்சில் தோளில் வழிந்தும் துடைக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் தெரியும், ரிப்போர்ட் இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்.

அடுத்த வருஷத்தோடு மூன்று வருஷத் திட்டம் முடிகிறது, அதற்குள் இங்கே என்ன மாறும் என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் மாறாதும்மா," என்றார் அக்கா. "மாறாமப் பாத்துக்கிறதுதான் வேலை."

நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் சீராக முன்னேறும், பெற்றோரே பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்வார்கள், மையம் மெல்லத் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்று. ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னது ரெண்டு வார்த்தை. நீங்க இம்புட்டு நேரம் பேசுறீக?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா," என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியாது. நம்பியது போலத்தான் இருந்தது. 'அப்படியே' என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாதவருக்கு, பக்கத்தில் ஒருத்தன் ஏன் இட்டுக்கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்காது.

மூன்றாம் வருஷக் கடைசியில் பணம் தொடருமா நிற்குமா என்று முடிவெடுக்கிற ரிப்போர்ட்டை நான் எழுத வேண்டும். அந்த வருஷம் சென்னையில் ஒரே பேச்சு: முடிவு காட்டு, மாற்றம் காட்டு, இல்லையென்றால் பணம் வேறு ஊருக்குப் போகும். எனக்குப் பயமாக இருந்தது. நாலு பெண்களின் வீட்டு அடுப்பு கண் முன்னால் வந்தது. செல்வத்தின் நாடா கண் முன்னால் வந்தது. என் வேலையும் கண் முன்னால் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீனா என்று ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு நாள் காலை, நடை பழக்குகிற இணைகம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு பெண் இடுப்பைத் தாங்கிப் பிடிக்க, நாலு எட்டு வைத்தாள். நான் போனில் எடுத்தேன். நான் தங்கியிருந்த அறைக்குப் போய், தாங்கிய பெண் தெரியாதபடி வெட்டினேன். 'வந்தபோது படுத்த படுக்கை, இன்று தானாக நடக்கிறாள்' என்று எழுதினேன். கையெழுத்துக்கு அக்காவிடம் நீட்டினேன்.

"என்ன எழுதியிருக்கீக தம்பி?"

"வழக்கமா எழுதுறதுதான்க்கா."

எண்ணெய்க் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, காகிதத்தில் கறை படக் கூடாதே என்று விரல் நுனியால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வீடியோ சென்னையில் பெரிய ஹாலில் பெரிய திரையில் ஓடியது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு கண்ணாடிக் கேடயம் கூரியரில் வந்தது. அக்கா அதை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க வைத்தார். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மையம் இலக்கை எட்டிவிட்டது, எங்கள் ஆதரவு தேவைப்படாத நிலைக்கு உயர்ந்துவிட்டது, மனமார்ந்த வாழ்த்துகள். மாதக் கடைசியோடு உதவி நிறைவடைகிறது. இனி ஃபவுண்டேஷனின் கவனம், கைக்குழந்தை அசைவதைப் போன் கேமராவில் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கிற ஒரு செயலியின் மேல், வேறு மாவட்டத்தில்.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏமாந்தது அவர்களா, நானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னேற்றம் இல்லை என்றால் நிறுத்துவார்கள் என்று பயந்துதான் முன்னேற்றம் என்று எழுதினேன். முன்னேறிவிட்டதால் நிறுத்திவிட்டார்கள்.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் மையத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் மீனாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆத்தங்குடியில் கல் பட்டறையில் சிமெண்டு கலக்கிற வேலை பார்ப்பவர். மடியில் மீனா. அவள் தாடையில் நாலு தையல்.

வீடியோ சுற்றிச் சுற்றி அவர் போனுக்கும் வந்திருக்கிறது. அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. புள்ள நடந்துவிட்டால் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிவந்து சன்னதிக்கு முன்னால் நடக்க வைக்கிறேன் என்று. வேலைக்கு லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, புதுப் பாவாடை கட்டிக் கூட்டிப்போயிருக்கிறார். கூட்டத்தில் வழிவிடச் சொல்லி, பிள்ளையை நிறுத்தி, கையை விட்டிருக்கிறார்.

"இங்க நடக்குற புள்ள அங்க ஏன்க்கா நடக்கல?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "நான் நிப்பாட்டுனதுல எதுவும் தப்பாப் போச்சா? இடுப்புல புடிச்சிருக்கணுமோ?"

அறையில் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். வேலையை விட்டுவிட்டுப் பகலில் அவர் அப்படி உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலத்தா. அவ நடக்கல. என்னைக்கும் நடக்கல. அப்படியேதான் இருக்கா."

அந்த அம்மா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. நான் வாசலுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தார்.

"அந்தத் தாள்ல என்ன எழுதுனீகன்னு இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். பையிலிருந்த கடிதத்தையும் எடுத்து, தமிழில் வரி வரியாகச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை. அவர் சத்தம் போடுவார், போடட்டும் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என் கையெழுத்து இருக்குல்ல அதுல?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குக்கா."

"அப்ப நானும்தான் சொல்லியிருக்கேன்." போகத் திரும்பினார். "இத்தன வருசத்துல ஒரு புள்ளையப் பத்திக்கூட நான் பொய் சொன்னதில்ல தம்பி." உள்ளே போய்விட்டார். எண்ணுகிற சத்தம் மறுபடி கேட்டது.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் ஒப்புக்குத்தான். வேறு ஃபவுண்டேஷன்களுக்கு எழுதினேன். ஒரு இடத்தில், வீடியோ பார்த்தோம், நீங்கள்தான் சாதித்துவிட்டீர்களே என்றார்கள். இன்னொரு இடத்தில் கட்டடம் என்றால் தருகிறோம், சம்பளம் தருவதில்லை என்றார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளிடமே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை சென்னைக்கு டிக்கெட் போட்டேன். இரண்டு தடவையும் ரத்து செய்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட ஃபீஸ். செயலி வேலைக்கு மாற்றல் கொடுத்தார்கள், போனேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி வந்தவன், கால் போன போக்கில் போகிறவன் மாதிரி எனக்கு நானே நடித்துக்கொண்டு, மில்லுக்குப் பின்னால் போனேன். வேன் இல்லை. நாலு பெண்களில் ஒருவர்தான் இருந்தார், அதுவும் அரை நாள். பிள்ளைகள் ஒன்பது பேர், பெற்றோரே தூக்கிக்கொண்டு வர முடிந்தவர்கள். மீனா அதில் இல்லை. சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பூக்கல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"எப்படிக்கா இருக்கீக?"

"இருக்கேன் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த இன்னொரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன், வரவில்லை.

அன்று அளக்கிற நாள். செல்வம் பாயில் படுத்திருந்தான், மீசை கறுத்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறானாம், அவன் அப்பாவுக்கு வேலை இல்லாத நாட்களில். அக்கா ஆணியிலிருந்து அவன் நாடாவை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"இந்த முழங்கால்ல வச்சுப் புடிங்க. இறுக்காதீக, வலிக்கும்."

பிடித்தேன். மறு முழங்காலுக்கு நாடா போனது. தடித்துப்போன அந்தப் பழைய கோடு, முழங்காலைத் தாண்டி மூன்று விரல் வெளியே நின்றது. அக்கா பேனாவை எடுத்து, கோட்டுக்கு உள்பக்கமாகப் புதிதாக ஒரு கோடு போட்டார். மெல்லிய கோடு. அப்போது மில்லில் சங்கு ஊதியது. செல்வம் வாய் நிறையச் சிரித்தான்.

"குறைஞ்சதுக்கு எங்குட்டு அமுக்கணும் தம்பி?" என்று கேட்டார் அக்கா.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்கிற குரல்தான். நான் நாடாவின் முனையைப் பிடித்தபடி இருந்தேன். அவர் கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவன் காலைப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.